ஜெர்மனிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறீர்களா? முதலில் பாரிஸை வெட்டுங்கள்

காட்பாடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து ஒரு ஆசிரியை பயணத் திட்டம் ஒன்றை அனுப்பி, “சார், ஒரு தடவை பாத்துடுங்க” என்றார். ஜெர்மன் பள்ளி ஒன்றோடு மாணவர் பரிமாற்றம். நம் பிள்ளைகள் அங்கே போய் வீடுகளில் தங்குவார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் அடுத்த பொங்கலுக்கு இங்கே வருவார்கள். படித்துப் பார்த்தேன். பல வருடமாகப் பார்த்துச் சலித்த தவறுகள் ஒன்று விடாமல் இருந்தன. ஸ்வெட்டர் எடுத்துக்கொள், பாஸ்போர்ட்டைத் தொலைக்காதே என்பதையெல்லாம் வீட்டில் பாட்டியே சொல்லிவிடுவார். நான் சொல்ல வருவது மற்றவை.

ஹோம்ஸ்டே நாட்களுக்கு நடுவே சுற்றுலாவைச் செருகுவது

இது எப்போதும் பெற்றோர் கூட்டத்தில்தான் தொடங்கும். ஒரு அப்பா எழுந்து, “இவ்வளவு பணம் கட்டி அனுப்பறோம், ஈஃபில் டவரைக்கூடப் பாக்காம வர்றதா?” என்பார். பின்வரிசையில் நாலு பேர் தலையாட்டுவார்கள். தாளாளர் டிராவல்ஸ்காரரைப் பார்ப்பார். “செஞ்சிடலாம் சார், அங்க எல்லாமே பக்கம் பக்கம்தான்” என்பார் அவர். அடுத்த வாரமே திட்டத்தில் பாரிஸ் இரண்டு நாள், சுவிட்சர்லாந்துப் பனிமலை ஒரு நாள் என்று ஏறியிருக்கும். ஹோம்ஸ்டே நாட்கள் கிழிந்து துண்டு துண்டாகியிருக்கும்.

பக்கமெல்லாம் இல்லை. பிராங்க்ஃபர்ட்டிலிருந்து பாரிஸுக்கு அதிவேக ரயிலிலேயே ஏறக்குறைய 4 மணி நேரம். பஸ்ஸில் போனால் அரை நாளுக்கு மேல் போய்விடும். வேலூரிலிருந்து சென்னைக்குப் போய் வேலையை முடித்து ராத்திரிக்குள் திரும்புகிற கணக்கில் இதைப் போடுகிறார்கள். அங்கே பஸ் ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். “இன்னும் கொஞ்ச தூரம்தானேண்ணா” என்று கெஞ்சியெல்லாம் பயனில்லை.

ஹைடல்பெர்க் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு ஒரு பள்ளிக் குழுவோடு துணைக்குப் போயிருந்தேன். திட்டம் போட்டு முடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். பாரிஸ் போய்விட்டுச் சனிக்கிழமை நள்ளிரவு தாண்டித் திரும்பினோம். ஹோஸ்ட் குடும்பத்துப் பெற்றோர்கள் பள்ளி வாசலில் கார்களில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஞாயிறு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை அநேகமாக எல்லாக் கடைகளும் மூடியிருக்கும். அது குடும்பத்துக்கான நாள். மதியம் மூன்று நாலு மணிக்கு உறவினர்களைக் கூப்பிட்டு காபியும் கேக்கும் வைப்பார்கள். நம் பெண் ஒருத்தி தங்கிய வீட்டில் பாட்டியை வரவழைத்து, கேக் சுட்டு, மேசை போட்டுக் காத்திருந்தார்கள். பெண் சாயங்காலம் வரை எழுந்திருக்கவே இல்லை. குழந்தையை என்ன சொல்ல முடியும்?

இன்னொரு வீட்டு அப்பா திங்கட்கிழமை விடுப்பு எடுத்திருந்தார். 1888-ல் கார் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து கார் ஓட்டிப் போனாரே, அப்போது வழியில் எரிபொருள் வாங்கிய மருந்துக்கடை வீஸ்லோக்கில் இருக்கிறது. அதைக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. திங்கட்கிழமை விடியற்காலையில் எங்களுக்கு சுவிட்சர்லாந்து பஸ். அவர் வந்து கையசைத்துவிட்டுப் போனார்.

பிள்ளைகள் ஹைடல்பெர்க் கோட்டையையே பார்க்கவில்லை என்பதுதான் இதில் கொடுமை. பிரெஞ்சுப் படைகள் 1689-லும் 1693-லும் இடித்துப்போட்ட கோட்டை அது. உள்ளே இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் கொள்ளும் மரப்பீப்பாய் ஒன்று இருக்கிறது. கீழே ஊருக்குள் 1386-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். நம் வேலூர்க் கோட்டை அகழி ஓரமாக வளர்ந்த பிள்ளைகளுக்கு அங்கே கேட்க நூறு கேள்வி இருந்திருக்கும். தங்கிய இடத்திலிருந்து அரை நாள் வேலை.

கடைசி நாள் அந்த ஜெர்மன் பள்ளி ஆசிரியை என்னிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: எங்கள் பெற்றோர்கள் தங்கள் வீட்டை ஓட்டலாக உணர்ந்தார்கள். அடுத்த வருடம் அங்கிருந்து யாரும் இங்கே வரவில்லை. கடிதப் போக்குவரத்தும் நின்றது. ஒரு பள்ளியோடு உறவு பிடிக்கப் பட்ட பாடு எல்லாம் ஒரு பாரிஸில் போயிற்று. இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

விசா பக்கமும் இது இடிக்கும். கல்விக்காகப் போகும் பள்ளி மாணவர்களுக்கும் உடன் போகும் ஆசிரியர்களுக்கும் ஷெங்கன் விசாவுக்கு, அதாவது ஜெர்மனி, பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசாவுக்கு, கட்டணம் கிடையாது. பெரியவர்களுக்கு அது 90 யூரோ என்பதால் சின்ன விஷயம் இல்லை. பெரும்பாதி சுற்றுலாவாக இருக்கும் திட்டத்தை நீட்டிக்கொண்டு போய்க் கல்விப் பயணம் என்றால் கேள்வி வராதா? அதோடு, எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்களைக் கூட்டிக் குறைத்தால் விண்ணப்பமே இடம் மாறும்.

ஊர் பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஹோம்ஸ்டே முழுக்க முடிந்து, விடைபெற்ற பிறகு கடைசியில் ஒரே ஒரு நகரம் வையுங்கள். நடுவில் வரும் சனி, ஞாயிறுகளை முழுசாக அந்தக் குடும்பங்களிடம் விட்டுவிடுங்கள்.

மே மாதம் என்று கண்ணை மூடிக்கொண்டு தேதி போடுவது

நமக்கு அக்னி நட்சத்திர விடுமுறை. அங்கே பள்ளி நடக்கும் என்று நினைப்போம். ஜெர்மனியில் 16 மாநிலம், விடுமுறை ஒவ்வொன்றிலும் வேறு. பாடன்-வூர்ட்டம்பெர்க், பவேரியா போன்ற இடங்களில் மே, ஜூன் வாக்கில் பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவப் பண்டிகை விடுமுறை இரண்டு வாரம் வரும். பூட்டிய பள்ளியைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?

தோழிகள் இருவரையும் ஒரே வீட்டில் போடுவது

வேண்டாம். ராத்திரி முழுக்கத் தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பாஸ்போர்ட் 10 வருடம் செல்லும் என்று நம்புவது

சிறுவர்களுக்குப் பொதுவாக 5 வருடம்தான். மூன்றாம் வகுப்பில் எடுத்தது ஒன்பதாம் வகுப்புக்கு உதவாது. ஷெங்கன் நாடுகளை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். அப்புறம் நம்மூர் இனிஷியல் தொல்லை. பள்ளிப் பதிவேட்டில் கே. திவ்யா, பாஸ்போர்ட்டில் திவ்யா குமார், டிக்கெட்டில் குமார் திவ்யா கே. என்று இருந்தால் ஒவ்வொரு கவுன்டரிலும் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து எடுத்து மற்ற எல்லாவற்றிலும் போடுங்கள். மாணவர் பட்டியலை அலுவலகத்தில் வாய்மொழியாகக் கேட்டு டைப் செய்ய விடாதீர்கள்.

உணவுப் படிவத்தில் ‘சைவம்’ என்று மட்டும் எழுதுவது

முட்டை சாப்பிடுவாரா, கேக்கில் கலந்த முட்டை பரவாயில்லையா என்று தனித்தனியாக எழுதுங்கள். பிள்ளைகள் அள்ளித் தின்னும் கரடி மிட்டாயில் பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும். சைவக் குடும்பத்துக்கும் சரி, ஆம்பூர், மேல்விஷாரத்திலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் சரி, இதை முன்பே சொல்லிவைக்க வேண்டும். பல வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய் என்று ஆறிய உணவாகவே இருக்கும். அது அவர்கள் வழக்கம். “எம்புள்ளைக்கு ராத்திரி வெறும் ரொட்டிதான் போடறாங்களாம்” என்று குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா என்னைப் பிடி பிடி என்று பிடித்தார். கிளம்புமுன் பெற்றோருக்கும் ஒரு வகுப்பு எடுத்துவிடுங்கள். அதே மூச்சில் நேரக் கணக்கையும் சொல்லுங்கள். கோடையில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். காலை ஆறு மணிக்குக் காபி குடித்துக்கொண்டே போன் போட்டால் அங்கே நடு ராத்திரி இரண்டரை. ஒட்டுமொத்த வீடும் எழுந்துவிடும்.

பருப்புப் பொடியோடு நெய்யும் கட்டி அனுப்புவது

பொடி போகும். நெய், பன்னீர் போன்ற பால் பொருட்களையும் இறைச்சியையும் நம் நாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துச் செல்லத் தடை.

அவர்கள் இங்கே வரும்போது ‘சி’ படிவத்தை மறப்பது

திருப்பதி, ஸ்ரீபுரம், மாமல்லபுரம் என்று வந்த பிள்ளைகளை வேனில் அடைத்து அலைக்கழிக்கும் பெற்றோர்களிடம் மேலே சொன்ன பாரிஸ் கதையைச் சொல்லுங்கள். அதைவிட அவசரமானது இது: வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரங்களை அரசுக்கு ஆன்லைனில் பதிய வேண்டும். ‘சி’ படிவம் என்று சொல்வது இதைத்தான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்காரர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுக்காரருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. விதி அவருக்கும் சேர்த்துத்தான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இந்த ஆன்லைன் பதிவுக்கான கணக்கை முன்கூட்டியே தொடங்கி, விருந்தாளியின் பாஸ்போர்ட், விசா நகல்களை வாங்கி வைத்து, விமானம் இறங்கும் அன்று பள்ளி அலுவலகத்தில் இரண்டு பேரை இதற்கென்றே உட்கார வையுங்கள். மாலை போட்டு ஆரத்தி எடுப்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.