உண்ணிச்செடியை வெட்டப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், சாலையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும் முட்புதர், அதுதான் உண்ணிச்செடி (லன்டானா). கொத்தின் நடுவில் மஞ்சள், ஓரத்தில் இளஞ்சிவப்பு என்று பூ என்னவோ அழகுதான். அந்த அழகுக்காகத்தான் 1800களின் தொடக்கத்தில் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து இதை இங்கே கொண்டுவந்தார்கள். இப்போது இது நிற்கிற இடத்தில் புல் இல்லை, மரக்கன்று எழுவதில்லை, மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் இல்லை.

சரி, வெட்டிவிடலாம் என்று அரிவாளோடு இறங்குவதுதான் எல்லோரும் செய்கிற முதல் தவறு. தரைக்கு மேலே வெட்டினால் ஒரு தண்டு இருந்த அடிக்கட்டையில் அடுத்த மழைக்கு நாலைந்து துளிர்த்துவிடும், அதாவது நாமே கவாத்து செய்து வளர்த்துவிட்டு வருகிறோம். தீ வைத்தாலும் இதே கதைதான், கூடவே பக்கத்து மரங்களும் கருகும். ஜேசிபி விட்டுப் புரட்டினால் மண் கிளறி, உள்ளே கிடக்கும் விதையெல்லாம் முளைக்கும். டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு குழுவினர் உத்தராகண்டின் கார்பெட் காட்டில் செய்து காட்டிய முறை இதைவிட எளிது: தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும், அங்கே வெட்டி, புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். வேர்ப்பக்கம் மண்ணைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

அதையும் காய் கறுத்த பிறகு செய்தால் விதையை நாமே தூவின மாதிரி. ஒரு தடவை வெட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதும் வீண்தான், ஏனென்றால் சின்னான் (புல்புல்) குருவி பழத்தைத் தின்றுவிட்டு மரத்தில் உட்கார்ந்து எச்சமிடும், அடுத்த மழையில் அந்த மரத்தடியில்தான் நாற்று முளைத்திருக்கும், அங்கே போய்ப் பிடுங்க வேண்டும். சில வருடம் விடாமல். வெட்டின இடத்தை மொட்டையாக விட்டால் பார்த்தீனியம் என்கிற இன்னொரு களை வந்து உட்காரும், அதனால் அந்தக் காட்டுப் புல்லையே விதைத்துவிடுங்கள்.

அப்புறம், ஆடு மாட்டுக்குப் போடலாமே என்பார்கள். வேண்டாம், ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோலெல்லாம் புண்ணாகிவிடும்.

கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் இதன் தண்டில் நிஜ அளவு யானைகளே செய்கிறார்கள், அருமையான வேலை. அதற்காக எல்லாவற்றையும் யானையும் நாற்காலியுமாக்கித் தீர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த வேலைக்கு வேண்டியது தண்டுதான், வேர் யாருக்கும் வேண்டாம், அது மண்ணிலேயே கிடக்கிறது.