கோடை விழாக்களில் ஒரு வட்டார ப்ளூஸ் கலைஞராக வாழ்வது எப்படி

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் குடியிருந்துகொண்டு, நால்வர் கொண்ட ஒரு சிறிய ப்ளூஸ் குழுவில் பல கோடைக்காலங்களாக பாஸ் கிட்டார் வாசித்துவருபவன் என்ற முறையில், இந்த வாழ்க்கைக்குள் காலெடுத்து வைக்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். வட்டாரக் கலைஞர் என்று நான் சொல்வது, தனிப் பேருந்தும் மேலாளரும் வைத்துக்கொண்டு உலகைச் சுற்றி வருபவரை அல்ல. சொந்த வேனில் வாத்தியங்களை ஏற்றிக்கொண்டு, பெரும்பாலும் ஒரு பகலில் ஓட்டி முடிக்கக்கூடிய தொலைவுக்குள்ளேயே வாசித்துப் பிழைப்பவரை. அப்படிப்பட்டவர் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. விழா நமக்குச் சோறு போடுவதில்லை. விழாவைச் சுற்றி நாம் கட்டிக்கொள்ளும் மற்ற கச்சேரிகளே சோறு போடுகின்றன. இதைப் புரிந்துகொள்ளாமல் பெரிய மேடைகளை மட்டுமே குறிவைத்த திறமைசாலிகள் சிலர் இரண்டே கோடையில் வாத்தியத்தை விற்றுவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் மண்ணைக் கற்றுக்கொள்ளுங்கள்

ப்ளூஸ் ஒரே இசை அல்ல. மிசிசிப்பி டெல்டாவின் பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களிடமிருந்து வந்த பாணி ஒன்று. அங்கிருந்து வடக்கே புலம்பெயர்ந்தவர்கள் சிகாகோவில் மின்கிட்டாரையும் ஒலிபெருக்கியில் முழங்கும் ஹார்மோனிகாவையும் கொண்டு உருவாக்கிய பாணி மற்றொன்று. பாடகர் மடி வாட்டர்ஸ் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் ஊருக்கு அருகிலிருந்த தோட்டத்தை விட்டு 1943-இல் சிகாகோவுக்கு ரயிலேறியதை இந்த மாற்றத்தின் அடையாளமாகச் சொல்வார்கள். ஹாலி ஸ்பிரிங்ஸ் பக்கத்துக் குன்றுப் பகுதியில் ஆர்.எல். பர்ன்சைடும் ஜூனியர் கிம்ப்ரோவும் வாசித்த இசையில் கார்டு எனப்படும் சுரக்கூட்டு மாற்றங்கள் மிகக் குறைவு; ஒரே சுரக்கூட்டில் நின்றுகொண்டு தாளத்தைச் சுழற்றிச் சுழற்றிக் கேட்பவரை மயக்கும் இசை அது. பென்டோனியா என்ற சிற்றூருக்கென்றே மைனர் சாயலில் தந்திகளைச் சுதிசேர்க்கும் தனி வழக்கம் ஒன்று இருக்கிறது. ஸ்கிப் ஜேம்ஸ் வழியாக உலகம் கேட்ட அந்த வழக்கத்தை, 1948-இல் திறக்கப்பட்ட புளூ ஃப்ரண்ட் கஃபேயை நடத்திவரும் ஜிம்மி 'டக்' ஹோம்ஸ் காத்துவந்திருக்கிறார்.

இவற்றையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விழாக் குழுவினர் வட்டாரக் கலைஞரை அழைப்பது, உலகப் புகழ் பெற்ற பாடல்களை இன்னொரு முறை கேட்பதற்காக அல்ல. அந்த மண்ணின் ஓசை மேடையேற வேண்டும் என்பதற்காகவே. ஆகவே நீங்கள் குடியிருக்கும் பகுதியின் பாணி எது, அதை இன்றும் வாசிக்கும் மூத்தவர்கள் யார் என்று தேடிச் செல்லுங்கள். என்னைப்போல வேறு நாட்டிலிருந்து வந்தவருக்கு இது இன்னும் கட்டாயம். இந்த இசை வேறொரு மக்களின் துயரத்திலும் கொண்டாட்டத்திலும் விளைந்தது. முதல் ஓராண்டு நான் வாரந்தோறும் ப்ளூஸ் வாசிக்கப்படும் ஒரு சிறிய விடுதியில் கேட்பவனாக மட்டுமே உட்கார்ந்திருந்தேன். அந்த ஓராண்டில் கற்றதைத்தான் இன்றுவரை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாட்காட்டியும் கணக்கும்

கோடை விழா என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் எங்கள் பகுதியில் அந்தக் காலம் ஏப்ரலிலேயே தொடங்கி அக்டோபர் வரை நீள்கிறது. ஏப்ரலில் கிளார்க்ஸ்டேலின் ஜூக் ஜாயின்ட் விழா. ஜூனில் 1972 முதல் நடந்துவரும் பென்டோனியா விழாவும், நுழைவுக் கட்டணம் இல்லாத சிகாகோ ப்ளூஸ் விழாவும். ஆகஸ்டில் மீண்டும் கிளார்க்ஸ்டேல், சன்ஃபிளவர் ரிவர் விழாவுக்காக. செப்டம்பரில் கிரீன்வில்லில் 1978-இல் தொடங்கிய டெல்டா விழா. அக்டோபரில் மிசிசிப்பி ஆற்றுக்கு அக்கரையில், ஆர்கன்சாவின் ஹெலினாவில் கிங் பிஸ்கட் விழா. 1941-இல் அதே ஊரின் வானொலியில் தொடங்கிய ப்ளூஸ் நிகழ்ச்சியின் பெயர்தான் அந்த விழாவுக்கும் வைக்கப்பட்டது.

இந்த மேடைகளுக்கான வேலை குளிர்காலத்தில் நடப்பது. பல விழாக்கள் இலையுதிர் காலத்தின் இறுதியிலேயே விண்ணப்பங்களைப் பார்க்கத் தொடங்கிவிடுகின்றன. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். அலுவலகம் முடிந்து வீடு திரும்பிய பிறகு இரவில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான காணொளிகளைத் திறப்பவர்கள். அவர்களுக்கு வெட்டி ஒட்டிய விளம்பரப் படம் தேவையில்லை. மக்கள் முன்னிலையில் வாசித்த ஒரு பாட்டை, பாடகரின் முகமும் குரலும் முதல் அரை நிமிடத்துக்குள் தெரியும்படி, ஒரே காமிராவில் எடுத்து அனுப்பினால் போதும். அத்துடன் மேடையில் யார் எங்கே நிற்பார், எத்தனை மைக் வேண்டும் என்பதைக் காட்டும் ஒரு பக்க வரைபடத்தையும் இணையுங்கள். ஜனவரியில் மெம்பிஸில் நடக்கும் சர்வதேச ப்ளூஸ் போட்டிக்கு உங்கள் ஊர் ப்ளூஸ் சங்கத்தின் வழியாகவே போக முடியும் என்பதால், அந்தச் சங்கத்தில் உறுப்பினராகி நாற்காலி அடுக்குவது முதலான வேலைகளைச் செய்யுங்கள். போட்டியில் வெல்லாவிட்டாலும், விழா நடத்துபவர்கள் பலரை ஒரே வாரத்தில் ஒரே தெருவில் சந்திக்கும் வாய்ப்பு அங்கே கிடைக்கிறது.

இனிப் பணத்துக்கு வருவோம். சிகாகோ பக்கத்து விழா ஒன்று நால்வர் குழுவுக்கு 1,200 டாலர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மெம்பிஸிலிருந்து போக ஏறத்தாழ 850 கிலோமீட்டர், திரும்பி வர அதே தொலைவு. எரிபொருளுக்கு 180, இரண்டு இரவுகளுக்கு இரண்டு அறைகள் 440, நால்வரின் இரண்டு நாள் சாப்பாடு 240 என்று கழித்தால் மிஞ்சுவது 340 டாலர், ஆளுக்கு 85. மூன்று நாள் உழைப்புக்கு இது கூலியே அல்ல. அதே பயணத்தில் போகும் வழியில் செயின்ட் லூயிஸில் வியாழன் இரவு ஒரு விடுதிக் கச்சேரியும், திரும்பும் வழியில் ஞாயிறு பிற்பகல் ஏதாவது ஒரு சிற்றூரின் பூங்காக் கச்சேரியும் சேர்ந்தால்தான் கணக்கு நிமிரும். விழா நாள் உறுதியான அன்றே வரைபடத்தை விரித்து, நெடுஞ்சாலையின் இருபுறமும் உள்ள விடுதிகளுக்கு எழுதத் தொடங்கிவிடுங்கள். விழாவில் வாசிக்கப்போகும் குழு என்ற பெயர் அந்தக் கதவுகளைத் திறக்கும். எங்களுக்கு விழாவின் உண்மையான வருமானம் அதுதான்.

ஆனால் ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படித்த பிறகே எழுதுங்கள். விழாவுக்கு முன்னும் பின்னும் இத்தனை நாட்களுக்கு, இத்தனை மைல் சுற்றளவுக்குள் வேறெங்கும் வாசிக்கக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கக்கூடும். அதைக் கவனிக்காமல் பக்கத்து ஊரில் ஒரு கச்சேரியை ஏற்றுக்கொண்டு, பிறகு அதைக் கைவிட நேர்ந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. வேனின் மைல் கணக்கையும் ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதிவையுங்கள். தொழிலுக்காகச் சொந்த வண்டி ஓட்டியவர் 2025-ஆம் ஆண்டுக்கு மைலுக்கு 70 சென்ட் வீதம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அமெரிக்க வரித்துறை இடமளித்தது. பல்லாயிரம் மைல் ஓடும் குழுவுக்கு அது சிறு தொகையல்ல.

வெயில், வாத்தியம், மின்சாரம்

ஜூலை மாத டெல்டாவில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேடையேறுவது எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தால்தான் தெரியும். காற்று ஈரத் துணிபோல் உடம்பில் ஒட்டுகிறது. கிட்டார் தந்தியைத் தொட்டால் சுடுகிறது. வெயிலில் உலோகத் தந்தி நீள்வதால் சுதி இறங்கும். பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்ததும் அதே தந்தி ஏறிவிடும். ஆகவே நிழலில் சுதிசேர்த்துவிட்டு நேராக வெயிலுக்குள் போகாமல், வாத்தியத்தைப் பத்து நிமிடமாவது மேடையின் வெப்பத்துக்குப் பழக்கிவிட்டுச் சேருங்கள். பூட்டிய வேனுக்குள் கிட்டாரை ஒருபோதும் விட்டுச்செல்லாதீர்கள், பசை இளகித் தந்திகளைத் தாங்கும் பாலம் பெயர்ந்துவிடும். பாடல் வரிகளைக் கைக்கணினியில் வைத்துக்கொண்டு பாடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐபேட் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்துக்கே வடிவமைக்கப்பட்டது. கருநிறத் தரை போட்ட மேடையில் நேர் வெயில் படும்போது அது இரண்டாம் பாட்டிலேயே அணைந்துவிடும். தடித்த பேனாவால் காகிதத்தில் எழுதித் தரையில் ஒட்டிக்கொள்வதே நல்லது.

ஹார்மோனிகா வாசிப்பவர் பாட்டின் சட்ஜத்துக்கு மத்தியமமாக விழும் சுதியுள்ள வாத்தியத்தையே எடுப்பது ப்ளூஸ் வழக்கம். ஈ (E) சுதிப் பாட்டுக்கு ஏ (A), ஏ சுதிப் பாட்டுக்கு டி (D), ஜி (G) சுதிப் பாட்டுக்கு சி (C). அதிகம் பயன்படும் சுதிகளில் இரண்டிரண்டு வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பாட்டில் உள்ளே ஓசை எழுப்பும் உலோக நாக்கு ஒன்று அடைத்துக்கொண்டால் சரிசெய்ய நேரம் இருக்காது. அவற்றை ஈரத்துணி போர்த்திய பெட்டியில் வைப்பதை விட்டுவிட்டு, வெறும் நிழலில் வைத்தாலே போதும்.

மின்சாரத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. பல சிறு விழாக்களில் மேடைக்கு மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. கிட்டாரின் ஓசையைப் பெருக்கும் ஆம்ப் ஒரு இணைப்பிலும் பாடும் மைக் வேறொரு இணைப்பிலும் இருந்து, இரண்டில் ஒன்றில் தரையிணைப்பு பழுதாகியிருந்தால், கை தந்தியிலும் உதடு மைக்கிலும் படும் அந்தக் கணத்தில் மின்சாரம் உடல் வழியாகப் பாயும். ஒரு சிற்றூர் மேடையில் எங்கள் பாடகரின் உதட்டில் சுரீரென்று இழுத்து, அவர் தலையைப் பின்னுக்கு வெட்டியதை அருகிலிருந்து பார்த்தேன். அன்று தப்பித்தோம். அதன்பின் பேனா வடிவிலான மின்னழுத்தச் சோதனைக் கருவி ஒன்றை வாங்கி, கிட்டாரைக் கையில் எடுப்பதற்கு முன்பே அதை மைக்கின் வலையருகே கொண்டுபோய்ப் பார்க்கிறோம். அது ஒலித்தால் ஒலிப்பொறியாளர் சரிசெய்யும்வரை யாரும் எதையும் தொடுவதில்லை. இரைச்சலைக் குறைப்பதற்காக மூன்று முள் பிளக்கின் தரை முள்ளை ஒடித்துவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

புயலும் அப்படித்தான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால், துணிக்கூரை போட்ட மேடை எம்மாத்திரம்? 2011 ஆகஸ்டில் இந்தியானா மாநிலக் கண்காட்சியில் காற்று வீசி மேடைக் கூரை சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். இடி கேட்டால் பாட்டை முடிக்கும் ஆசையில் நிற்காமல் இறங்கிவிடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழியாமல் மீண்டும் ஏறாதீர்கள்.

மேடையில் அறுபது நிமிடம்

விழாவில் நிதானமான ஒலிச் சோதனை கிடைக்காது. முந்தைய குழு இறங்கியதும் இருபது முப்பது நிமிடங்களுக்குள் நாம் ஏறித் தொடங்கியாக வேண்டும். ஒவ்வொரு மைக்கிலும் ஓசை வருகிறதா என்று மட்டுமே பார்ப்பார்கள். ஒலிப்பொறியாளரிடம் பெயரைக் கேட்டு வணக்கம் சொல்லிவிட்டு, மேடையில் நம்மை நோக்கி வைத்திருக்கும் ஒலிபெருக்கியான மானிட்டரில் உங்களுக்கு எது கட்டாயம் வேண்டும் என்று ஒரே ஒரு கோரிக்கையைச் சொல்லுங்கள். கேட்டது வரும்.

பிற்பகல் மேடையில் மெதுவான பாட்டோடு தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. புல்வெளியில் நாற்காலி தேடிக்கொண்டிருப்பவர்களை நிறுத்த ஷஃபிள் எனும் துள்ளல் தாளம் வேண்டும்; மூன்றாம் அல்லது நான்காம் பாட்டில் மெதுவாக இறங்கலாம். வெளி ஆள் யாரேனும் வந்து சேர்ந்து வாசிக்கும்போது சுதியை விரல்களால் சொல்வார்கள். மேல் நோக்கி ஒரு விரல் ஜி, இரண்டு டி, மூன்று ஏ, நான்கு ஈ. கீழ் நோக்கி ஒரு விரல் எஃப், இரண்டு பி ஃபிளாட். இதை மனப்பாடம் செய்யாமல் எந்த மேடையிலும் விருந்தாளியாக ஏறாதீர்கள்.

சேர்ந்து வாசிப்பதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பன்னிரண்டு அளவு (ஓர் அளவு என்பது நான்கு தட்டு கொண்ட ஒரு தாளச் சுற்று) கொண்ட பாட்டில் நான்கு அளவுக்கு ஓர் அடியாக மூன்று பாடல் அடிகள் வரும். பாடகர் ஏறத்தாழ முதல் இரண்டு அளவுகளில் அடியைப் பாடி முடிப்பார், மீதி இரண்டும் வாத்தியம் பதில் சொல்வதற்கானவை. குரல் இருக்கும் இடத்தில் கிட்டாரை நுழைப்பவரை யாரும் இரண்டாம் முறை அழைப்பதில்லை. எனக்கு இதைக் கற்றுத்தந்த முதியவர் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அடி முடியும்வரை உள்ளங்கையைத் தந்திகளின்மேல் படுக்கவைத்திருந்து, பாடகர் மூச்சிழுத்ததும் கையைத் தூக்கி ஒரே ஒரு சுரத்தை மீட்டினார். அந்தக் கை இன்றும் என் கண்முன் நிற்கிறது.

வாசித்து இறங்கியதும் வேனுக்குப் போகாதீர்கள். வாத்தியங்களை மற்றவர் கட்டட்டும். பாடியவர் நேராகக் குறுந்தகடு விற்கும் மேசைக்குப் போக வேண்டும். ப்ளூஸ் ரசிகர்களில் வயதானவர்கள் அதிகம், அவர்கள் இன்னும் குறுந்தகடு வாங்குகிறார்கள், கையெழுத்தும் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஊர்ப்பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரிலிருந்து எட்டுப் பேர் வந்திருந்தால், அடுத்த கோடையில் அந்த ஊரில் ஒரு கச்சேரி கேட்டு எழுதலாம்.

அக்டோபரில் ஹெலினாவின் ஆற்றங்கரைச் சரிவில் உட்கார்ந்து கேட்டவர்கள் எழுந்து போனதும் எங்கள் பருவம் முடிகிறது. அடுத்த திங்கட்கிழமை வாத்தியப் பெட்டிகளை வெளியே எடுத்துத் துடைத்து, குளிர்கால வறட்சிக்கு ஈரப்பத உறைகளை உள்ளே வைத்து, மைல் கணக்கைக் கூட்டி முடிக்கிறோம். பிறகு அந்த ஊர்ப்பெயர்கள் எழுதிய குறிப்பேட்டை மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டு முதல் கடிதத்தைத் தொடங்குகிறோம்.