நிலக்காட்சி போட்டோவின் மேல் வண்ணம் தீட்டுவது எப்படி

ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 1980களில் தொடங்கிப் பல ஆண்டுகள் செய்த ஒரு வேலை இருக்கிறது. கடையில் கழுவி வாங்கிய சாதாரண 10×15 செ.மீ. போட்டோக்களை, பெரிய ஓவியத்துக்குப் பூசி மிச்சமான எண்ணெய் வண்ணம் ஒட்டியிருக்கும், வண்ணத்தை இழுத்துப் பூசும் நீளப் பட்டையில் வைத்து இழுத்துவிடுவார். மலையின் பாதி காணாமல் போய், அந்த இடத்தில் கெட்டியான வண்ணம் உட்கார்ந்திருக்கும். போட்டோவை அழகுபடுத்துவதல்ல, எதை மறைப்பது என்று தீர்மானிப்பதுதான் இங்கே கலை.

அதனால் உங்களிடம் இருப்பதிலேயே சிறந்த படத்தை எடுக்காதீர்கள். ஜொலிக்கும் அஸ்தமனத்தில் பிரஷ்ஷுக்கு வேலையே இல்லை. மப்பும் மந்தாரமுமான நாளில் எடுத்த, வானமோ தண்ணீரோ வெறுமையாகக் கிடக்கும் படம்தான் தோது. பிரிண்ட் போடும் முன் கொஞ்சம் வெளுப்பாக்கிக்கொள்ளுங்கள், ஒரே படத்தை மூன்று பிரிண்ட் போடுங்கள்.

தாள் ‘மேட்’ (பளபளப்பில்லாத) வகையாக இருக்க வேண்டும், பளபளப்புத் தாளில் வண்ணம் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டராக இருந்தால் ஈர விரலால் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். மை கரைந்தால், மேட் வார்னிஷ் ஸ்ப்ரேயை மெலிதாக இரண்டு முறை அடித்து, ஒவ்வொரு முறையும் நன்றாகக் காயவிடுங்கள் (ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடியுங்கள்). பிக்மென்ட் மை (எளிதில் கரையாத நிறத்துகள் கொண்ட மை) என்றால் இவ்வளவு பயம் இல்லை. அப்புறம் பிரிண்ட்டை ஒரு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நாம் தீட்டப்போகும் அக்ரிலிக் (தண்ணீரில் கரைக்கும் வண்ணம்) காயக் காயத் தாள் சுருளும்.

சரி, தீட்டலாம். என் ஏரிக்கரைப் படம் ஒன்றில் ஒற்றைப் பனை, பின்னால் சாம்பல் வானம், கீழே அதே சாம்பலில் தண்ணீர். பனையின் மட்டையையும் கருக்கையும் கேமரா பார்த்த அளவுக்கு என்னால் வரைய முடியாது, அதைத் தொடவில்லை. தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டேன். வெள்ளையில் துளி நீலமும் துளி பழுப்பும் சேர்த்து, பிரிண்ட்டின் ஓர வெள்ளையில் தொட்டுவைத்துக் காயவிட்டுப் பார்த்தேன், ஏனென்றால் அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு படி கருத்துவிடும். நிறம் ஒத்துப்போன பிறகு, அகலமான பிரஷ்ஷால் கரையிலிருந்து கீழ்நோக்கி நான்கே இழுப்பு.

ரொம்பக் கவனம் தேவைப்படுவது வண்ணமும் போட்டோவும் சந்திக்கிற கோட்டில்தான். மாஸ்கிங் டேப் ஒட்டி நேராக வெட்டினால் ஸ்டிக்கர் மாதிரி தெரியும். கரையோரம் கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷால் ஒற்றியெடுங்கள், அடியில் இருக்கும் மணல் பொட்டுப் பொட்டாகத் தெரியட்டும். அதிகமாகிவிட்டால் ஈரம் காய்வதற்குள் பழைய ஏ.டி.எம். கார்டால் வழித்துவிடலாம், மிஞ்சும் கீறலே சில நேரம் அலையாக நிற்கும்.

எண்ணெய் வண்ணம் சேர்க்க ஆசையிருந்தால் அக்ரிலிக் காய்ந்தபின் அதன் மேல் மட்டும், மாற்றிச் செய்தால் பின்னால் உரிந்து வரும். மூன்றாவது பிரிண்ட்டைத் தீட்டாமல், தீட்டிய படத்தின் பக்கத்தில் சாத்திவைத்து, மறுநாள் காலை வெளிச்சத்தில் இரண்டையும் பாருங்கள். கண் முதலில் எதன் மேல் போகிறது?