அழுத்திய துணியை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்

கத்தி பட்டு ரத்தம் வந்தால், சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கவே கூடாது. வெட்டுப்பட்ட ரத்தக்குழாய் முதலில் தானாகச் சுருங்கும். உடனே ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் என்ற நுண்ணிய அணுக்கள் அங்கே ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து ஓட்டையை அடைக்கும். ஆனால் இந்த முதல் அடைப்புக்கு உறுதி போதாது. ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலைபோலப் பின்னி இறுக்கிய பிறகுதான் அது நிலைக்கும். அதற்குள் துணியை எடுத்தால் அடைப்பும் கூடவே பிய்ந்துவிடும், பாவம், உடல் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்!

துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற மருந்துகளைச் சாப்பிடுபவர்களுக்கு ரத்தம் நிற்க நேரம் பிடிக்கும். பீறிட்டு வந்தாலோ, அழுத்தியும் நிற்காவிட்டாலோ, அழுத்தியபடியே உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.