புல்தரை ஏரேட்டர்: ஓட்டுவதும் பராமரிப்பதும்

இறுகிய புல்தரையில் துளை போட்டு, காற்றும் நீரும் வேருக்குப் போக வழி செய்யும் மெஷின்தான் ஏரேட்டர். புல்வெட்டும் மெஷினில் கை பழகியவர்கள்தான் அதனிடம் அதிகம் தடுமாறுகிறார்கள். கைப்பிடி ஒரே மாதிரி, என்ஜின் சத்தமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் புல்வெட்டியை நாம் தள்ளுகிறோம், ஏரேட்டர் நம்மை இழுத்துப் போகும். எடை நூறு கிலோவை ஒட்டி வரும். உருளையில் இருக்கும் குழாய் முட்கள், அதாவது டைன்கள், மண்ணைக் குத்திப் பிடித்துச் சுழல, அந்தப் பிடிமானத்திலேயே மெஷின் முன்னால் ஓடுகிறது. மைதானப் பராமரிப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். கையேட்டில் இருக்கும் எச்சரிக்கைகளில் முக்கால்வாசி கனம், இழுப்பு என்ற இரண்டிலேயே அடங்கிவிடும்.

இங்கே நான் சொல்வது பெட்ரோல் என்ஜின் வைத்த, பின்னால் நடந்துகொண்டே ஓட்டுகிற, மண்ணைத் துண்டு துண்டாக வெளியே எடுத்துப் போடுகிற வகையைப் பற்றி. வெறும் ஆணி போலக் குத்திவிட்டுப் போகும் வகையும் உண்டு. களிமண்ணில் அது துளையைச் சுற்றியுள்ள மண்ணை இன்னும் நெருக்கி விடுவதால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

முதலில் வேலை தேவைதானா என்று பாருங்கள். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, கையால் மண்ணில் அழுத்துங்கள். ஈர மண்ணிலும் அது எளிதில் இறங்கவில்லை என்றால் மண் இறுகிவிட்டது என்று அர்த்தம். காற்றும் நீரும் வேருக்குப் போகாது. புல் சுறுசுறுப்பாக வளரும் பருவத்தில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும், அப்போதுதான் துளைகள் சீக்கிரம் ஆறும். வெப்பம் விரும்பும் அருகு வகைகளுக்கு வசந்தத்தின் கடைசியிலிருந்து கோடைத் தொடக்கம் வரை. குளிர் விரும்பும் வகைகளுக்கு இலையுதிர் காலத் தொடக்கம், இல்லாவிட்டால் வசந்தம். புதிதாகப் பதித்த புல்லை ஒரு வருஷமாவது விட்டுவிடுங்கள்.

ஈரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காய்ந்த தரையில் டைன் இறங்காமல் துள்ளும், கூடவே மெஷினும் துள்ளும், அந்த அதிர்ச்சி நேராக உங்கள் மணிக்கட்டுக்கு வரும். சேறாக இருந்தால் டைனுக்குள் மண் அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் மொட்டை முனையால் தரையைக் குத்துவதுபோல ஆகிவிடும். முந்தைய நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, ஒரு நாள் ஊற விட்டு ஓட்டுவதே சரியான பதம். ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கினால் உருண்டையாக வர வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது.

அப்புறம் தரையைச் சுற்றி ஒரு நடை. கல், குச்சி, பழைய கம்பி எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். ஸ்பிரிங்க்லர் தலைகள், வால்வுப் பெட்டிகள், தோட்ட விளக்குக்குப் போகும் ஒயர், இணைய கேபிள், நாய்க்காகப் புதைக்கும் மின்வேலிக் கம்பி, இவை இருக்கும் இடங்களில் சின்ன அடையாளக் கொடிகளை நட்டு வையுங்கள். டைன் 5 முதல் 7.5 சென்டிமீட்டர் வரை இறங்கும். விளக்கு ஒயரும் நாய் வேலிக் கம்பியும் பெரும்பாலும் அந்த ஆழத்தில்தான் கிடக்கின்றன. ஸ்பிரிங்க்லர் தலையைத் தண்ணீர் திறந்துவிட்டுத் தேடுவதுதான் சுலபம், எழும்பி நிற்கும்போதே கொடியை நட்டுவிடலாம். கொடியைச் சுற்றி ஓரடி இடம் விட்டு ஓட்டுங்கள். அந்த ஓரடியைக் கையால் குத்தும் கருவியில் முடித்துக்கொள்ளலாம், புல் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

உடுப்பு பற்றிச் சுருக்கமாக: முழுக்கால் சட்டை, நல்ல பிடிப்புள்ள கனமான பூட்ஸ், கண்ணாடி, காதுக்கு மூடி. செருப்போடு வருகிறவரை நான் மெஷின் பக்கம் விடுவதில்லை. தொங்கும் துணி, கழுத்தில் துண்டு, இவையும் வேண்டாம். குழந்தைகளும் நாய்களும் வீட்டுக்குள் இருக்கட்டும்.

பெட்ரோலைத் திறந்தவெளியில், என்ஜின் ஆறியபிறகு, புனல் வைத்து ஊற்றுங்கள். டேங்கை விளிம்பு வரை நிரப்பாதீர்கள், சூட்டில் பெட்ரோல் விரிவடைய இடம் வேண்டும். ஊற்றும்போது மெஷின் புல்மேல் நிற்கக் கூடாது. சிந்திய இடத்தில் புல் வட்டமாகக் கருகிப் போகும், அந்த வட்டம் வெகுநாள் நிற்கும். சிந்தினால் துடைத்து, சில அடி தள்ளிக் கொண்டுபோய் ஸ்டார்ட் செய்யுங்கள். கொட்டகைக்குள் ஒரு நிமிஷம்கூட ஓட விடாதீர்கள். கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே தங்கும், அதற்கு வாசனையும் கிடையாது.

கைப்பிடியில் ஒரு பிடிக்கம்பி இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் உருளை சுழலும், விட்டால் நிற்கும். வேலை ஆரம்பிக்கும் முன் இதை ஒருமுறை சோதியுங்கள். டைன்கள் தரையைத் தொடாமல் தூக்கிய நிலையில், என்ஜினை மெதுவாக ஓட விட்டு, பிடிக்கம்பியை அழுத்திப் பிடித்து, பிறகு விடுங்கள். விட்டவுடன் உருளை நிற்க வேண்டும். தயங்கி நின்றாலோ, பிடிக்காமலே தானாகச் சுழன்றாலோ கேபிளைச் சரிசெய்யாமல் அந்த மெஷினைத் தொடாதீர்கள். சிலர் கை வலிக்கிறது என்று இந்தக் கம்பியைக் கயிறு போட்டுக் கட்டிவிடுகிறார்கள். முட்களோடு ஓடும் நூறு கிலோ மெஷினை உடனே நிறுத்த இருக்கும் வழி அது. அதைக் கட்டிப்போட்டவர்களிடம் பேசிப் பயனில்லை, கத்தரிக்கோலை எடுத்து அறுத்துவிட வேண்டியதுதான்.

சரி, ஓட்டலாம். நேரான, நீளமான பக்கத்தில் ஆரம்பியுங்கள். த்ராட்டிலைக் குறைவாக வைத்து டைன்களை இறக்குங்கள், பிடிக்கம்பியை மெதுவாக அழுத்துங்கள், மெஷின் நகரத் தொடங்கியபிறகு வேகத்தைக் கூட்டுங்கள். முழங்கையைக் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். கை விறைப்பாக இருந்தால் கல்லில் பட்டு மெஷின் எகிறும்போது அந்த அடி தோள் வரை போகும். மெஷினோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது போகும் வேகத்தில் நீங்கள் நடந்தால் போதும், திசையை மட்டும் காட்டுங்கள். வேகம் அதிகமாகத் தோன்றினால் கையால் பின்னுக்கு இழுக்காமல் த்ராட்டிலைக் குறையுங்கள்.

பத்தடி போனதும் நிறுத்தி, வெளியே விழுந்த ஒரு மண் துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரல் பருமனில், 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மேல் முனையில் பச்சை, அதன் கீழே காய்ந்த வேரும் தண்டும் சேர்ந்த பழுப்புப் படலம், அப்புறம் மண். அந்தப் பழுப்புப் படலம் அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் தண்ணீர் அதிலேயே தங்கிவிடுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். வெள்ளை வேர்கள் துண்டின் அடிவரை வந்திருந்தால் நல்லது. பாதியிலேயே நின்றிருந்தால் இறுக்கம் எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்பதை அந்தத் துண்டே காட்டிவிடும். துண்டு குட்டையாக இருந்தால் மண் இன்னும் காய்ந்திருக்கிறது, இல்லையென்றால் மெஷினுக்கு எடை போதவில்லை, அதுவும் இல்லையென்றால் டைன் தேய்ந்துவிட்டது. கூடுதல் எடைக் கட்டிகளைப் போடும் முன் தண்ணீர் விட்டுப் பாருங்கள். எடை கூடக் கூட மெஷினைத் திருப்புவதும் கஷ்டம், செயினுக்கும் பாரம்.

திருப்பம்தான் விபத்து நடக்கும் இடம். டைன்கள் மண்ணில் இருக்கும்போது மெஷினைத் திருப்பினால் புல் பாயைச் சுருட்டியதுபோலக் கிழிந்து வரும், டைனும் வளையும். வரிசை முடியும் இடத்தில் பிடிக்கம்பியை விட்டு, நின்றபிறகு, டைன்களைத் தூக்கி, சக்கரத்தில் திருப்பி, மறுபடி இறக்குங்கள். திருப்பிக்கொண்டே ஓட்டும்படி செய்த மாடல்களும் இருக்கின்றன, அவற்றின் கையேடு அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள். நடைபாதை, சிமென்ட் தரை எதைக் கடந்தாலும் டைன்கள் மேலேதான். பின்னால் சுவரோ மரமோ வேலியோ இருக்கும்போது மெஷினை உங்களை நோக்கி இழுக்காதீர்கள். இடையில் மாட்டிக்கொண்டால் தப்பிக்க இடம் இருக்காது.

சரிவில் எச்சரிக்கை இரண்டு மடங்கு. சின்ன என்ஜின்கள் பலவற்றில் ஆயில், உள்ளே தெறித்துத்தான் பாகங்களுக்குப் போகிறது. மெஷின் அதிகம் சாய்ந்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், என்ஜின் காய்ந்து ஓடும். 20 டிகிரி என்பது இத்தகைய என்ஜின்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை, உங்கள் மெஷினின் எல்லை அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். ஈரப் புல் இருக்கும் சரிவில் நான் ஓட்டுவதே இல்லை. கால் வழுக்கினால் கீழே இருப்பவர் மேல் மெஷின் வரும்.

மிதிபட்டு இறுகிய இடங்களில் முதல் வரிசைகளுக்குக் குறுக்காக இன்னொரு சுற்று ஓட்டலாம். வெளியே விழுந்த துண்டுகளைப் பொறுக்க வேண்டாம். காய்ந்ததும் தானே உதிர்ந்து மண்ணோடு கலந்துவிடும். விதையோ மக்கிய உரமோ போடுவதாக இருந்தால் அன்றே போடுங்கள், துளைகள் திறந்திருக்கும்.

டைனில் மண் அடைத்துக்கொண்டால்? என்ஜினை அணையுங்கள், எல்லாம் நின்றபிறகு ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி, பிளக்கைத் தொடாதபடி தள்ளி வையுங்கள். உருளையைக் கையால் சுழற்றினால் சில மெஷின்களில் என்ஜினும் சேர்ந்து சுழன்று ஸ்டார்ட் ஆகிவிடலாம், அதனால்தான் இந்த ஒயர் வேலை. தோல் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு மரக்குச்சியால் அடைப்பைத் தள்ளுங்கள். விரலை விடாதீர்கள், தேய்ந்த டைனின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் மெலிந்து பிளேடு போல இருக்கும்.

வேலை முடிந்த அன்றே சுத்தம் செய்துவிட்டால் பாதிப் பராமரிப்பு முடிந்தது. மண் ஈரமாக இருக்கும்போது பிரஷ்ஷுக்கே வந்துவிடும், மறுநாள் சுத்தியல் கேட்கும். அதிக அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் பம்பைப் பேரிங் பக்கம் காட்டாதீர்கள். கிரீஸ் வெளியே போய் தண்ணீர் உள்ளே போகும். சூடான என்ஜின்மேல் தண்ணீரே வேண்டாம். மெஷினைச் சாய்க்க வேண்டியிருந்தால் கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேல்பக்கம் இருக்கும்படி சாய்த்து வையுங்கள், இல்லாவிட்டால் ஆயில் போய் ஏர் ஃபில்டரில் இறங்கி, அடுத்த முறை வெள்ளைப் புகையோடுதான் கிளம்பும்.

டைன் போல்ட்டுகளை ஒவ்வொரு தடவையும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள். புது டைன் மாட்டினால் முதல் ஒரு மணி நேரம் ஓடியபிறகு மறுபடி இறுக்குங்கள், கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஒரு புது டைனைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பவற்றோடு ஒப்பிட்டால் தேய்மானம் தெரியும். மாற்றுவதென்றால் முழு செட்டாக மாற்றுங்கள். நெட்டையும் குட்டையுமாக இருந்தால் உருளை தட்டித் தட்டி ஓடும், அந்தத் தட்டு பேரிங்கைத் தின்னும். செயின் மூடியைக் கழற்றி, நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். எவ்வளவு அசைவு இருக்கலாம் என்று கையேட்டில் இருக்கும். மண்ணைத் துடைத்தபிறகே எண்ணெய் விடுங்கள். அழுக்கின் மேல் விட்ட எண்ணெய், அரம் வைத்துத் தேய்க்கிற பசையாகிவிடும். பெல்ட்டில் வெடிப்போ பளபளப்போ தெரிந்தால் மாற்றிவிடலாம்.

என்ஜின் ஆயிலைச் சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு நாளும் ஓட்டும் முன் பாருங்கள். புது என்ஜினில் முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டும், கம்பெனியைப் பொறுத்து 5 முதல் 20 மணி நேர ஓட்டத்துக்குள். அதன்பின் 50 அல்லது 100 மணி நேரத்துக்கு ஒருமுறை. இந்த அளவு என்ஜின் பலவற்றில் அரை லிட்டரைச் சற்றுத் தாண்டித்தான் ஆயில் பிடிக்கும், எனவே தாராளம் காட்டாதீர்கள். ஸ்பாஞ்ச் ஏர் ஃபில்டரை வெந்நீரில் சோப்பு போட்டு அலசி, முழுக்கக் காயவைத்து, சில துளி என்ஜின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். காகித ஃபில்டரில் தண்ணீர் படக் கூடாது. ஸ்பார்க் பிளக்கின் முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர்.

வண்டியில் ஏற்றும்போது எடைக் கட்டிகளை முதலில் கழற்றுங்கள். என்ஜின் அணைந்து, பெட்ரோல் குழாய் மூடியிருக்க வேண்டும். சாய்பலகை வைத்து இரண்டு பேர் ஏற்றுங்கள், பலகைக்குக் கீழ்ப்பக்கம் நேராக யாரும் நிற்க வேண்டாம்.

பருவம் முடிந்து மூலையில் நிறுத்தும் முன் பெட்ரோலுக்கு வழி செய்யுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தால் பழசாகி, கார்புரேட்டரில் பிசின் போலப் படியும். டேங்கை வடித்துவிட்டு மிச்சம் தீர்ந்து தானாக அணையும் வரை ஓட விடலாம், அல்லது கெடாமல் வைக்கும் திரவத்தைக் கலந்து சில நிமிஷம் ஓட்டி நிறுத்தலாம். டைன்களில் லேசாக எண்ணெய் தடவி, கீழே மரப்பலகை போட்டு நிறுத்துங்கள். பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுங்கள். ஒரு இடத்தில் கனமாகத் தடுக்கும். அங்கேயே விட்டுவிடுங்கள். அந்த நிலையில் வால்வுகள் இரண்டும் மூடியிருப்பதால் ஈரக் காற்று சிலிண்டருக்குள் போகாது.