பி-பிபிஈஈ இலக்குகள் மாறும்போது நிறுவனங்கள் ஆயத்தமாவது எப்படி

தென்னாப்பிரிக்காவில் நிறுவனங்கள் கறுப்பினத்தாருக்குத் தரும் பங்கை அளக்கும் கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டு மதிப்பீட்டில், அதாவது பி-பிபிஈஈயில், நிதியாண்டுக்குள் நடந்த செலவு, நியமனம், கொள்முதல் ஆகியவற்றுக்குத்தான் மதிப்பெண் உண்டு. ஆண்டு முடிந்து சரிபார்ப்பு முகமை வரும்போது ஆவணங்களைத் திரட்டலாமே தவிர, செய்யாமல் விட்டதைச் செய்துவிட முடியாது. ஆகவே புதிய இலக்குக்கான வேலையை ஆண்டின் முதல் காலாண்டிலேயே தொடங்கிவிட வேண்டும்.

முதலில் நிறுவனம் எந்த வகையில் வருகிறது என்று பாருங்கள். பொது விதிகளின்படி ஆண்டு விற்றுமுதல் 1 கோடி ரேண்ட் வரை உள்ள குறுநிறுவனத்துக்கு மதிப்பெண் அட்டை தேவையில்லை, உறுதிமொழிப் பத்திரமே போதும். அதற்கு மேல் 5 கோடி வரை சிறுநிறுவனம். அதையும் தாண்டினால் முழு மதிப்பெண் அட்டை. அரசு எதையும் மாற்றாவிட்டாலும், விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டும் ஆண்டில் உங்கள் இலக்குகள் தாமாகவே மாறிவிடுகின்றன என்பதை வளர்ந்துவரும் நிறுவனங்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கட்டுமானம், நிதி, சுற்றுலா போன்ற துறைகளுக்குத் தனி விதிகள் உள்ளன. அவற்றின் வரம்புகளும் வேறுபடலாம்.

அரசிதழில் வருவது கருத்துக் கேட்புக்கான வரைவா, இறுதி அறிவிப்பா என்று பிரித்தறிய வேண்டும். வரைவை வைத்துத் திட்டமிடலாம். பணத்தை இறுதி அறிவிப்பைப் பார்த்துத்தான் ஒதுக்க வேண்டும். 2019 மே 31 அன்று வெளியான திருத்தம் ஆறு மாதம் கழித்தே நடைமுறைக்கு வந்தது.

அந்தத் திருத்தத்தையே எடுத்துக்கொள்வோம். முன்பு திறன் மேம்பாட்டுக்குச் சம்பளத் தொகையில் 6% செலவிட வேண்டும் என்றிருந்தது. திருத்தத்தில் அது பயிற்சிக்கு 3.5%, உயர்கல்வி உதவித்தொகைக்கு 2.5% என்று பிரிக்கப்பட்டது. சம்பளத் தொகை 2 கோடி ரேண்ட் என்றால் மொத்தம் அதே 12 லட்சம்தான். ஆனால் பழைய வழக்கப்படி முழுவதையும் பயிற்சிக்கே செலவிட்ட நிறுவனம், 5 லட்சத்தை உதவித்தொகையாகக் கொடுக்காததால் 4 மதிப்பெண்ணை இழக்கும். எனவே எந்த மாற்றம் வந்தாலும், கடந்த ஆண்டின் கணக்கைப் புதிய அட்டவணையில் வரிக்கு வரி போட்டுப் பாருங்கள். மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டால் ஓட்டை தெரியாது.

அடுத்து, முன்னுரிமைக் கூறுகளான உரிமை, திறன் மேம்பாடு, தொழில் மற்றும் வழங்குநர் மேம்பாடு ஆகியவற்றில் 40% குறைந்தபட்ச வரம்பு உண்டு. ஒன்றில் தவறினாலும், மொத்த மதிப்பெண்ணை வைத்துத் தரப்படும் நிலை (முதலாம் நிலையே உயர்ந்தது) ஒரு படி இறங்கும். 92 மதிப்பெண் பெற்று மூன்றாம் நிலையில் இருக்க வேண்டிய நிறுவனம் நான்காம் நிலைக்குப் போனால், அதனிடம் 10 லட்சம் ரேண்டுக்குப் பொருள் வாங்கும் வாடிக்கையாளர், வழங்குநரின் நிலையைப் பொறுத்துத் தம் கொள்முதல் மதிப்பெண் கணக்கில் 11 லட்சமாகக் காட்டியது 10 லட்சமாகச் சுருங்கும். அவர் வேறு வழங்குநரைத் தேடத் தொடங்குவதற்கு அதுவே போதும். இதே காரணத்தால் உங்கள் வழங்குநர்களின் சான்றிதழ்களையும் ஆண்டு நடுவிலேயே வாங்கிச் சரிபாருங்கள், ஏனெனில் அவை பன்னிரண்டு மாதங்களில் காலாவதியாகின்றன.

உரிமையைக் கணக்கிடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. சட்டம் கறுப்பினத்தார் என்று சொல்வதில் ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்திய வம்சாவளியினர் ஆகியோர் அடங்குவர். ஆனால் பிறப்பாலோ வம்சாவளியாலோ குடியுரிமை பெறாமல், 1994 ஏப்ரல் 27க்குப் பின் குடியேறிக் குடியுரிமை பெற்றவர் பொதுவாக அதில் சேரமாட்டார். நேற்று வந்த பங்காளரின் பெயரைச் சேர்த்து அட்டையை நிரப்பியவர்களுக்குச் சரிபார்ப்பின்போதுதான் இது உறைக்கிறது. பெயரளவுக்குப் பங்குதாரரைக் காட்டுவதோ குற்றமே. நிறுவனத்துக்கு ஆண்டு விற்றுமுதலில் 10% வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள், 2025 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள வேலைவாய்ப்புச் சமத்துவத் திருத்தச் சட்டத்தையும் உடன் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் அதன்கீழ் 18 துறைகளுக்கு ஐந்தாண்டு இலக்குகள் அறிவிக்கப்பட்டன. அது தனிச் சட்டம், தனி அறிக்கை. ஆயினும் நியமனங்கள் இரண்டு கணக்கிலும் பிரதிபலிப்பதால், மனிதவளப் பிரிவும் நிதிப் பிரிவும் காலாண்டுக்கு ஒருமுறை ஒரே தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேச வேண்டும்.