மணவறைச் சாமானை ட்ரெயிலரில் இழுக்கிறீர்களா?

லண்டனில் மணவறைச் சோடனை செய்கிறேன். தூண், ஊஞ்சல் எல்லாம் வேனுக்குப் பின்னால் ட்ரெயிலரில்தான் வரும்.

லைசென்ஸ் இப்போது சுலபம். 1997க்குப் பிறகு சாதாரண கார் லைசென்ஸ் எடுத்தவர்களும் 2021 டிசம்பர் 16 முதல் தனிச் சோதனை இல்லாமல் 3,500 கிலோ வரை இழுக்கலாம். ஆனால் உங்கள் வேன் எவ்வளவு இழுக்கும் என்பது அதன் எடை விவரத் தகட்டில் இருக்கிறது, அதை மீறக்கூடாது. வேனும் ட்ரெயிலரும் சேர்ந்து 3.5 டன்னைத் தாண்டினால் டாக்கோகிராப் (ஓட்டும் நேரத்தைப் பதியும் கருவி) விதியும் வரலாம். முதல் வேலைக்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

பிரேக் உள்ள ட்ரெயிலர் என்றால் மெல்லிய கம்பி வடம் ஒன்று தொங்கும். கொக்கி கழன்றால் அதுதான் பிரேக்கை இழுத்துப் பிடிக்கும். ஒரு மழைநாள் விடியற்காலையில் அவசரத்தில் அதை மாட்டாமல் கிளம்பிவிட்டேன். பெட்ரோல் நிலையத்தில் பார்த்ததும் கை நடுங்கியது. அன்றிலிருந்து கொக்கி, வடம், விளக்கு மூன்றையும் தொட்டுப் பார்க்காமல் கிளம்புவதில்லை.

ட்ரெயிலரின் பின்னால் வேனின் அதே இலக்கத்தகடு இருக்க வேண்டும், மஞ்சளில். மோட்டார்வேயில் 60 மைல்தான். மூன்று தடம் இருந்தால் வலது ஓரத் தடத்துக்குப் போகக்கூடாது. அப்புறம், காப்புறுதியில் ட்ரெயிலர் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.